பால்வெட்டுச் சட்டையும் இளைஞரின் தொளதொளச் சட்டையும்: வட சிலாங்கூர்த் தோட்டப்புற உடைமரபு குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வகுத்த தொல்காப்பியர், அவற்றைச் சார்ந்து தோன்றும் கருப்பொருள்களுள் தொழிலையும் சேர்த்து எண்ணினார். உடை அவ்வரிசையில் தனித்துக் கூறப்படவில்லை. எனினும் நிலம், பொழுது, தொழில் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில்தான் உழைப்பவரின் உடை உருவாகின்றது என்பதை மலேசியத் தோட்டப்புற வாழ்வை அறிந்தோர் எளிதில் உணர்வர்.

இன்று கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா முதலிய ஊர்களின் இரவுச் சந்தைகளில் இளைஞர் விரும்பி வாங்கும் சட்டைகளைக் காண்போம். தோள் இறங்கியும் கை முழங்கையைத் தொட்டும் உடல் இருமடங்கு அகன்றும் அவை அமைந்துள்ளன. நிறமோ காக்கி, பாசிப்பச்சை, காப்பி நிறம், செம்மண் நிறம் என மண்ணைச் சார்ந்தது. 'ஓவர்சைஸ்' என்று இளைஞர் வழங்கும் இவ்வுடையை ஒழுங்கின்மையின் அடையாளமாகவே நம்முள் பலர் நோக்குகின்றோம். இதே அகலமும் இதே நிறமும் உடைய ஆடையை இவ்வட்டாரத்தில் முன்னரே அணிந்தவர் யாவர் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டமும் தொழிலுடையும்

வட சிலாங்கூர், தோட்டத் தொழில் வரலாற்றில் தனியிடம் பெற்ற வட்டாரமாகும். பெஸ்தாரி ஜெயா, 2007ஆம் ஆண்டுவரை பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கப்பெற்றது. அதனை அடுத்துள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. அதனைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே, மலாயாத் தோட்ட வாழ்வைப் பின்னணியாகக் கொண்டு எழுதிய புதினத்திற்காக 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றார். அப்புதினம் உலகறிந்தது, அத்தோட்டங்களில் உழைத்த தமிழரின் உடையோ எவராலும் பேணப்படாமல் கிழிந்து மறைந்தது.

இரப்பர் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்குவதால் அவ்வழுத்தம் தாழ்ந்து பால் குறையும். ஆகவே இருள் பிரியுமுன்னரே பிரட்டுக் களத்தில் கூடி, மரம் வெட்டச் செல்லுதல் தொழில்முறையாயிற்று. அந்நேரத்தில் பனியும் உண்டு, கொசுவும் உண்டு. பெண்கள் கைலியின் மேலோ பழஞ்சேலையின் மேலோ கணவரின் அல்லது தந்தையின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டனர். பிறருடைய அளவில் தைக்கப்பட்ட அச்சட்டை இயல்பாகவே அகன்று தொங்கியது. கொசு கடியாமலும், கை வீசி வெட்டத் தடையில்லாமலும், வெயில் ஏறியபின் காற்று உட்புகவும் அவ்வகலம் உதவியது.

நிறம் தேர்ந்து கொள்ளப்பட்டதன்று, தொழிலால் படிந்தது. வெண்மையாகச் சொட்டும் பால் துணியில் பட்டு உறைந்து, காற்றுப்பட்டு நாளடைவில் பழுப்பாகிக் கருக்கும். சலவையில் அது போவதில்லை. எந்நிறச் சட்டையும் சில திங்களில் மண்ணிறச் சட்டையாயிற்று. செம்பனைக்கு மாறிய தோட்டங்களில் முள்ளிலிருந்து காக்க முழுக்கை தொடர்ந்தது. பழத்தின் எண்ணெய்க் கறை பால் கறையின் இடத்தைப் பெற்றது.

வெண்மையும் மண்ணிறமும்

தோட்டத்தில் நிறம் படிநிலையையும் காட்டியது. துரைமாரும் கிராணிமாரும் வெள்ளுடையில் வலம் வந்தனர். கறைபடாத வெண்மை, கறைபடும் வேலையைச் செய்யத் தேவையில்லாதவரின் உரிமையாயிருந்தது. தம் பிள்ளையைப் பால்வெட்டுக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்ப விரும்பிய தாய், தன் சட்டையின் கறையைப் பொருட்படுத்தாமல் பிள்ளையின் வெள்ளைச் சீருடையை நீலம் போட்டு வெளுத்தாள். அவ்வெண்மையின் பொருளை நம் ஆசிரியர்களுள் தோட்டத்திலிருந்து வந்தோர் நன்கறிவர்.

'காக்கி' என்னும் சொல்லே இவ்விடத்து எண்ணத்தக்கது. பாரசீகத்தில் 'காக்' என்பது புழுதியைக் குறிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் படைப்பிரிவொன்று புழுதி நிற உடையை ஏற்றது. பின்னர் அது உலகெங்கும் படைகளின் சீருடையாயிற்று. புழுதியைத் துணியில் விரும்பி ஏற்றவர் படையினர். புழுதி தானே வந்து படிந்தது உழைப்பாளர்மேல். முன்னதற்கு மதிப்பும் பின்னதற்கு இழிவும் கிடைத்தன. ஆகவே இழிவு நிறத்தில் இல்லை, அணிபவரின் நிலையில் ஏற்றப்பட்டது என்பது தெளிவாகும்.

வெப்பமும் ஈரப்பதமும்

அகன்ற உடை நம் தட்பவெப்பத்திற்குத் தகுமா என்னும் வினா எழுகின்றது. உடல் தன் வெப்பத்தைத் தணிக்கும் தலையாய வழி வியர்வை ஆவியாதலாகும். ஒரு லிட்டர் வியர்வை முற்றும் ஆவியாயின் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் நீங்கும். ஆவியாகாது சொட்டும் வியர்வையால் அப்பயன் இல்லை. மலேசியக் காற்றில் ஈரப்பதம் மிகுதியாதலின் ஆவியாதல் மெதுவாகவே நிகழ்கின்றது. இந்நிலையில் தோலுக்கும் துணிக்கும் இடையே காற்று ஓடுவது இன்றியமையாதது. தொளதொளப்பான சட்டை, நடக்குந்தோறும் துருத்திபோல் ஈரக்காற்றை வெளித்தள்ளிப் புதுக்காற்றை உள்ளிழுக்கின்றது. மலாய்க்காரரின் பாஜு குரோங்கும் நம் கைலியும் இவ்வுண்மையின்மேல் அமைந்தவையே.

அடர்நிறம் வெயிலை மிகுதியாக ஈர்க்கும் என்பது உண்மை. ஆயினும் பாலைவன நாடோடிகளின் கருநிற அங்கியை ஆராய்ந்து 1980இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு, அங்கி அகன்றிருப்பின் கருநிறம் ஈர்க்கும் மிகை வெப்பம் தோலை எட்டுமுன் நீங்குகின்றது எனக் காட்டியது. அது வறண்ட நிலத்து ஆய்வாதலின் ஈரநிலத்திற்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது. அகலத்தின் பயனை விளக்க அது துணைசெய்யும்.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்டுதல் வேண்டும். தோட்டத்துச் சட்டை, பலமுறை துவைத்து மெலிந்த பருத்தி. இன்றைய நாகரிகச் சட்டைகளுட் பல, குளிர்நாட்டு வழக்கத்தைப் பின்பற்றிச் சதுர மீட்டருக்கு 240 கிராமுக்கு மேற்பட்ட தடித்த துணியால் ஆனவை. மலிவானவை பாலியெஸ்டர் கலந்தவை. இயல்பான நிலையில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டையும் எட்டாது. எனவே வடிவம் நம் நிலத்திற்கு ஏற்றது. துணி பலவேளைகளில் ஏற்றதன்று. இளைஞர்க்கு நாம் அறிவுறுத்த வேண்டியது அளவைக் குறைக்குமாறு அன்று, துணியைத் தேர்ந்து வாங்குமாறு ஆகும்.

ஆசிரியர் கவனத்திற்கு

இன்றைய இளைஞர் தம் பாட்டியின் சட்டையைக் கண்டு இவ்வுடையை ஏற்றனர் என்று நாம் வாதிடவில்லை. இப்பாணி அமெரிக்க நகரங்களின் ஹிப்ஹாப் இசை, சறுக்குப்பலகை ஆட்டம் ஆகியவற்றைச் சார்ந்து வளர்ந்து, உலக வாணிகத்தின் வழியே வந்தது. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது நம் மதிப்பீடு சோதனைக்கு உள்ளாகின்றது. தாயின் அகன்ற, கறைபட்ட சட்டையைப் பார்த்து நாணக் கற்ற தலைமுறை, மகனின் அகன்ற, மண்ணிறச் சட்டையைப் பார்த்து அஞ்சுகின்றது. ஓர் இளைஞனை அவன் அணிந்த துணியின் அளவைக் கொண்டே குண்டர் கும்பலுடன் இணைத்துப் பேசும் வழக்கம் அவ்வச்சத்தின் விளைவே. அவ்விளைஞன் நம் வகுப்பறையிலிருந்து விலகுவதற்கு அத்தகைய ஒரு சொல் போதும்.

பால்வாளி, மங்கு, உளி, பிரட்டு, கைலி, தலைத்துண்டு ஆகிய சொற்கள் தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் வழக்கிலிருந்து நீங்கி வருகின்றன. மாணவர் தாம் விரும்பும் சட்டையைப் பற்றி ஒரு பத்தி எழுதி, தம் பாட்டி வேலைக்கு அணிந்ததைக் கேட்டறிந்து மற்றொரு பத்தி எழுதுமாறு பணிக்கலாம். கட்டுரைப் பயிற்சியோடு சொற்சேகரமும் வரலாற்றுணர்வும் ஒருங்கே வாய்க்கும்.

முடிவுரை

வட சிலாங்கூர்த் தோட்டப் பெண்களின் தொழிலுடை, இந்நிலத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் உழைப்பையும் நன்கறிந்த உடையாகும். அதனை வறுமையின் சின்னமாக மட்டும் கண்டது நம் குறை. அதே அகலத்தையும் நிறத்தையும் பேரர்கள் விலைகொடுத்து வாங்கும் இந்நாளில், அச்சட்டையை அணிந்து இருளில் மரம் வெட்டிய மூதாட்டியர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்களைக் கேட்டுப் பதிவுசெய்யும் பணி காலந்தாழ்த்தற்குரியதன்று.