கடதாசி தொலைந்தால் உரிமையும் தொலையுமோ?

மாரிகாலத்திற் கல்வீட்டிலிருப்பவர்க்கு ஒழுக்கு ஒரு தொல்லை. தகரக் கொட்டிலிலிருப்பவர்க்கோ அஃது ஓர் இழப்பு. சென்ற மாரியில் எங்கள் ஊர் ஆச்சி ஒருவரின் ட்ரங்குப் பெட்டிக்குள் மழைநீர் புகுந்துவிட்டது. பெட்டியில் இருந்தவை ஒரு கூறைச்சேலை, காலஞ்சென்ற கணவரின் படம், சில கடதாசிகள். சேலை வெயிலிற் காய்ந்தது. படத்தை ஒருவாறு காப்பாற்றினோம். கடதாசிகள் கூழாகிவிட்டன. அவற்றுள் ஒன்றே இக்கட்டுரை எழுதுவதற்குக் காரணமாயிற்று.

அது பிரதேச செயலகத்திலிருந்து வந்த கடிதம். அரசின் அஸ்வெசும உதவிக்கு ஆச்சி தெரிவு செய்யப்பட்டுள்ளார், அக்கடிதத்தைக் காட்டி வங்கியிற் கணக்கொன்று திறந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். முழங்கால் நோவினால் வங்கிக்குப் போவதை அவர் நாளை நாளையென்று ஒத்திவைத்திருந்தார். கடிதம் அழிந்ததும் எங்கள் வீட்டுப் படலையிலே வந்து நின்றார்.

“தம்பி, என்ரை அரிசிக்காசு தண்ணியோடை போட்டுது” என்றார்.

கடிதம் என்று அவர் சொல்லவில்லை. அரிசிக்காசு என்றே சொன்னார். அந்தச் சொல்லிலே நம் நாட்டின் எண்பது ஆண்டுக் கதை அடங்கியிருக்கின்றது என்பது அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை.

ஆச்சியை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். கடிதத்தைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். கடிதம் தந்த அலுவலகத்துக்குப் போனோம். ஒருமுறை கொடுத்தாயிற்று, மறுபடியும் கொடுப்பதாயின் தொலைந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார் அங்கிருந்த இளைஞர். கடுமையாக அவர் பேசவில்லை. தமக்குச் சொல்லித் தரப்பட்டதையே சொன்னார். பொலிஸ் நிலையத்திலே முறைப்பாடு பதிய வேண்டும். கிராம அலுவலரிடம் உறுதிக்கடிதம் பெற வேண்டும். சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். பின்னர் வந்து பார்க்கலாம். ஆச்சி பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்:

“களவு போனால் பொலிசுக்குப் போகலாம், மோனை. மழைக்கு மேலை என்னெண்டு முறைப்பாடு குடுக்கிறது?”

அக்கேள்விக்கு அங்கிருந்த எவரிடமும் விடை இருக்கவில்லை. சிரிப்பு மட்டும் எழுந்தது. ஆச்சி சிரிக்கவில்லை.

தொலைந்த கடதாசிக்கு மறுகடதாசி கேட்பவரை ஐயத்துடன் நோக்கும் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? இதனை அறிவதற்கு நாம் 1942ஆம் ஆண்டுக்குச் செல்லுதல் வேண்டும். அவ்வாண்டில் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். இலங்கையர் உண்ட அரிசியிற் பெரும்பகுதி அக்காலத்திற் கடல்கடந்து, சிறப்பாகப் பர்மாவிலிருந்தே, வந்துகொண்டிருந்தது. அவ்வழி அடைபட்டதும் உள்ளதைப் பகிர்ந்துண்ண வேண்டிய நிலை வந்தது. பங்கீடு பிறந்தது, அதனோடு கூப்பன் புத்தகமும் பிறந்தது. யுத்தம் ஓய்ந்த பின்னரும் அது மறையவில்லை. எங்கள் பக்கத்திற் சங்கக்கடையைக் கூப்பன் கடை என்று சொல்லும் முதியவர்கள் இன்றும் உளர்.

அந்தக் கூப்பனின் இயல்பை நாம் நன்கு கவனித்தல் வேண்டும். அது வெறும் சான்றன்று. ஏறக்குறைய அதுவே பொருள். கிழமைக்குரிய கூப்பனைக் கொடுத்தால் அரிசி வரும், கொடாவிடின் வராது. புத்தகம் தொலைந்தால் அரிசியே தொலைந்தது போலத்தான். தொலைந்ததென்று சொல்பவருக்கு மறு புத்தகம் கொடுத்தால், அவர் இரு புத்தகங்களைக் கொண்டு இரு பங்கு வாங்குதலும் கூடும். ஆகவே அக்காலத்து அதிகாரி துருவித் துருவி விசாரித்ததில் நியாயம் இருந்தது. ஒருவருடைய பொய் இன்னொருவருடைய கஞ்சியைக் குறைக்கும் காலம் அது.

அந்தப் பங்கு அரிசி அரசாங்கங்களை ஆட்டிவைத்த வரலாற்றை ஆசிரியர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1953ஆம் ஆண்டிலே பங்கீட்டரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அவரே மீண்டும் பிரதமராயிருந்த 1966ஆம் ஆண்டின் இறுதியில் வாராந்தப் பங்கு இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டது. அந்த ஒரு கொத்து இலவசமாகக் கொடுக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டுத் தேர்தலிலோ, சந்திரமண்டலத்திலிருந்தாயினும் இரண்டாவது கொத்தைக் கொண்டுவந்து தருவோம் என்ற வாக்குறுதி மேடைகளில் முழங்கிற்று.

இவ்வளவும் அரிசியின் அளவையும் விலையையும் பற்றிய வழக்குகள். பெருமாற்றம் அதன் பின்னரே வந்தது. 1978ஆம் ஆண்டிற் பங்கீடு குறைந்த வருமானமுடையோர்க்கு மட்டுமென்று வரையறுக்கப்பட்டது. 1979 செப்டெம்பரில் அதுவும் நீங்கி உணவு முத்திரை வந்தது. மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்கள் இதற்கு உரியனவாயின. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டோர்க்கு 20 ரூபா, ஏனையோர்க்கு 15 ரூபா. மண்ணெண்ணெய்க்கு வேறு முத்திரை. முத்திரையில் அச்சிட்ட தொகை நின்ற இடத்தில் நிற்க, கடையில் விலை மட்டும் ஏறிச் சென்றது. 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023 யூலையில் அஸ்வெசும எனப் பெயர்கள் மாறின. அஸ்வெசும தொடங்கியபோது மாதத் தொகை நால்வகைப்பட்டது: 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா.

முன்னர்ப் பசித்தவன் கூப்பனைக் காட்டினாற் போதும். பின்னர் அவன் தன் வறுமையை எண்பிக்க வேண்டியவனானான். விண்ணப்பம், விசாரணை, பெயர்ப்பட்டியல், மேன்முறையீடு, தெரிவுக் கடிதம் என்ற படிகள் வந்தன. ஏழையாயிருத்தல் போதாது, ஏழையென எழுதப்பட்டிருத்தலும் வேண்டும். ஆச்சி கடிதத்தை அரிசிக்காசு என்றதன் பொருள் இதுவே.

ஆயினும் இங்கே ஒரு வேறுபாடு மறைந்து கிடக்கின்றது. இன்றைய கடிதம் அன்றைய கூப்பன் அன்று. ஆச்சியின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அரசின் பதிவிலே இருக்கின்றன. பணம் அவருடைய பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே செல்லும். பதிவிலுள்ளதைத் தெரிவிப்பதே கடிதத்தின் தொழில். கிணற்றுக்கு வழிகாட்டும் பலகை விழுந்துவிட்டதென்பதற்காகக் கிணறு வற்றிவிடுவதில்லை. ஒரே கடிதத்துக்குப் பத்துப் பிரதிகள் கொடுத்தாலும் ஆச்சிக்கு இரண்டு பங்கு கிடைக்கப் போவதில்லை. அங்ஙனமாகவும், 1942ஆம் ஆண்டின் ஐயம் இன்றைய மேசையிலும் உட்கார்ந்திருக்கின்றது. பொருள் மாறியது, பழக்கம் மாறவில்லை.

அலுவலரின் பக்கத்தையும் சொல்லுதல் முறையாகும். கடிதமொன்றை இருமுறை கொடுத்ததேன் என்று கணக்காய்வாளர் கேட்டால் விடை சொல்ல வேண்டியவர் அவர். தம் கையொப்பத்தைக் காப்பதற்காகவே அவர் பிறருடைய கையொப்பங்களைச் சேர்க்கின்றார். அவருக்கு வேண்டியது தெளிவான விதியொன்று. அடையாள அட்டையைப் பதிவோடு ஒப்பிட்டு, ‘இரட்டைப் பிரதி’ என முத்திரையிட்டு, திகதியும் இலக்கமும் குறித்து வழங்கலாம் என்று எழுதிவைத்தால் அவருடைய அச்சமும் நீங்கும், ஆச்சியின் நடையும் குறையும்.

இது நடவாத காரியமன்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாளிரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, வீட்டு உறுதியையும் குடும்ப அட்டையையும் மடியிற் கட்டிக்கொண்டு நடந்தவர்களை நாம் அறிவோம். அவற்றை வழியிலே தவறவிட்டவர்களையும் அறிவோம். 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடல் பெட்டகங்களோடு பத்திரங்களையும் கொண்டுபோயிற்று. பின்னர் நடமாடும் சேவைகள் ஊர்தோறும் வந்து, பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் மறுபிரதி கொடுக்க வழிசெய்தன. பேரிடரில் ஆயிரம்பேர் இழந்ததைத் திருப்பிக் கொடுக்க முடிந்ததென்றால், ஒரு கிழவியின் கூரையொழுக்கு இழப்பித்ததைக் கொடுத்தல் அரிதாகுமோ?

ஆச்சியின் காரியம் மூன்றாம் நடையிலே முடிந்தது. அன்று அந்த மேசையில் ஓர் அம்மையார் இருந்தார். அடையாள அட்டையை வாங்கிக் கணினியிற் பார்த்தார். “பெயர் இருக்கிறது, ஆச்சி, இருங்கோ” என்றார். ஐந்து நிமிடத்திற் கடிதம் கையில் இருந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்கு மூன்று கிழமை காத்திருந்தோம். அதற்கிடையில் ஊர்க்கடைக்காரரின் கொப்பியிலே ஆச்சியின் பெயருக்கு நேரே கடன் நீண்டிருந்தது.

இவ்விடத்தில் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் ஊர்களிலே அரச கடிதத்தை வாசித்துப் பொருள் கொள்ள இயலாத முதியவர் பலர். கடிதம் வந்த அன்றே அதனைப் படம்பிடித்து வைத்தல், அதன் இலக்கத்தையும் திகதியையும் கொப்பியிற் குறித்தல், தொலைந்தாற் கோரிக்கையை வாயாற் சொல்லாது எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகப் பிரதியில் ஒப்பம் வாங்குதல் ஆகியன ஒரு மாணவனால் அரைமணி நேரத்திற் செய்யத்தக்கவை. அதற்கும் விடையில்லையேல், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. தம்மைப் பற்றிய பதிவின் பிரதியைக் கேட்டு எவரும் விண்ணப்பிக்கலாம். முற்காலத்திற் கச்சேரியடி மரநிழலிற் காசு வாங்கி மனு எழுதியோர் இருந்தனர். நம் பாடசாலைகள் காசின்றி அதனைச் செய்தால், பாடநூலிலுள்ள கடிதம் எழுதும் பயிற்சிக்கும் ஒரு பயன் விளையும்.

புதுக்கடிதத்துக்கு மூன்று நிழற்பிரதிகள் எடுக்கும்படி ஆச்சி கேட்டார். ஒன்றை வங்கிக்கு வைத்துக்கொண்டார். ஒன்றைப் பொலித்தீன் பையிலிட்டு ட்ரங்குப் பெட்டியில் வைத்தார். மூன்றாவதை என்னிடம் நீட்டினார்.

“உங்கடை புத்தக அலுமாரிக்குள்ளை வையுங்கோ, தம்பி. புத்தகம் வைக்கிற இடம் நனையாதுதானே?”

நனையாது ஆச்சி என்றேன். அன்றிரவு மழை பெய்தது. எழுந்து சென்று என் வீட்டுக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தே படுத்தேன்.