உலகுக்கு உறை கொடுத்த ஊர்

பல்கேரிய நாட்டின் மேற்கு ஓரத்தில், செர்பிய எல்லையை அடுத்த மலைப் பகுதியில் இருக்கிறது ஸ்டூடன் இஸ்வோர். 'குளிர்ந்த ஊற்று' என்பது இப்பெயரின் பொருள். தேசப் படத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவு சிறிய ஊர். ஆனாலும் தயிரின் வரலாற்றை எழுதுவோர் இவ்வூரைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. பல்கேரியத் தயிரை உறைய வைக்கும் நுண்கிருமியை உலகுக்குக் காட்டிய விஞ்ஞானி பிறந்த ஊர் இது.

ஆடும் கொத்துக் கரண்டியும்

அருகிலுள்ள சிறு நகரம் ட்ரன். அதைச் சுற்றிய கிராமங்கள் எல்லாமே மேடும் பள்ளமுமானவை. குளிர்காலம் கடுமையானது, விளைச்சல் குறைவு. புல்லுக்கு மட்டும் பஞ்சமில்லை. எனவே செம்மறி ஆடுகளே சொத்து. நிலம் சோறு போடாததால் ஆண்கள் கொத்து வேலைக்கு வெளியூர் போனார்கள். வசந்த காலத்தில் கூட்டமாகப் புறப்பட்டு, குளிர் தொடங்கும்போது திரும்புவார்கள். தலைநகர் சோபியாவின் பல கட்டடங்கள் ட்ரன் பகுதிக் கொத்தர்கள் எழுப்பியவை.

வீடு, வயல், ஆடு அனைத்தும் பெண்கள் பொறுப்பு. பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, பழைய தயிரில் ஒரு கரண்டி விட்டு, துணி சுற்றி மூடி வைப்பார்கள். நம் வீட்டு வழக்கம்தான். மண்பானைக்கும் அலைய வேண்டியதில்லை. அதே வட்டாரத்து புசிந்த்சி கிராமம் மட்பாண்டத்துக்குப் பெயர் பெற்றது. மே 6ஆம் தேதி வரும் புனித ஜார்ஜ் திருநாள் ஆட்டிடையர்களின் பெருநாள். அன்று ஆடுகளுக்கும் தொழுவத்துக்கும் பச்சிலை மாலை சூட்டிப் பால் கறப்பார்கள்.

ஜெனீவாவில் ஒரு பானைத் தயிர்

துருக்கியரின் ஐந்து நூற்றாண்டு ஆட்சியிலிருந்து பல்கேரியா விடுபட்ட 1878ஆம் ஆண்டில்தான் ஸ்டாமென் கிரிகொரோவ் இவ்வூரில் பிறந்தார். மருத்துவம் படிக்க ஜெனீவா சென்ற அவர், பேராசிரியர் மஸ்ஸோலின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளரானார். ஊரிலிருந்து வந்த ஒரு பானைத் தயிரையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார் என்பார்கள். 1905இல் அதிலிருந்த கோல் வடிவ நுண்கிருமியைக் கண்டறிந்தார். அதற்குப் 'பல்கேரிகஸ்' என்று அவர் நாட்டின் பெயரே நிலைத்தது.

பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் இருந்த மெச்னிகோவ் இதில் ஆர்வம் கொண்டார். பல்கேரியக் குடியானவர்களின் நீண்ட ஆயுளுக்குத் தயிரே காரணம் என்று அவர் எழுதியதும், ஐரோப்பாவில் தயிருக்கு மவுசு ஏறியது. ஆயுள் பற்றிய அந்தக் கருத்து இன்றுவரை உறுதிப்படவில்லை. தயிரின் புகழ் மட்டும் குறையவில்லை. 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் பல்கேரியத் தயிரைச் சுவைத்த ஜப்பானியர், 1973 முதல் 'பல்கேரியா' என்ற பெயரிலேயே அதை விற்கத் தொடங்கினர். கிரிகொரோவோ வெளிநாட்டில் தங்கிவிடாமல் ட்ரன்னுக்குத் திரும்பி மருத்துவராகப் பணியாற்றினார். 1945இல் காலமானார்.

கதவில் ஒட்டிய படங்கள்

முன்பு கொத்தர்கள் போனார்கள், திரும்பி வந்தார்கள். பிறகு போனவர்கள் திரும்பவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சியில் நிலமும் மந்தையும் கூட்டுப் பண்ணைக்குப் போயின. பெர்னிக் நகரின் சுரங்கமும் உருக்காலையும் இளைஞர்களை இழுத்தன. 1989க்குப் பின் ஆலை வேலையும் சுருங்க, வெளிநாடுகளுக்குப் போனார்கள். 1980களின் இறுதியில் 90 லட்சத்தை நெருங்கியிருந்த பல்கேரிய மக்கள் தொகை, 2021 கணக்கெடுப்பில் 65 லட்சமாகிவிட்டது. ட்ரன் போன்ற எல்லை வட்டாரங்களில் இழப்பு இன்னும் அதிகம்.

இறந்தவரின் படத்தோடு அறிவிப்பை வீட்டுக் கதவில் ஒட்டுவது பல்கேரிய வழக்கம். ஆண்டு நினைவு நாளில் புதிதாக ஒட்டுவார்கள். எல்லைக் கிராமங்களில் பூட்டிய கதவுகளில் வெயிலில் வெளுத்த இந்தப் படங்களே மிஞ்சியிருக்கின்றன.

2007இல் ஸ்டூடன் இஸ்வோரில் தயிருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய பானைகளும் பால் பாத்திரங்களும் அங்கே இருக்கின்றன. பார்க்க வெளியூரார் வருகிறார்கள்.

கிரிகொரோவ் கண்ட கிருமியை இன்று ஆய்வுக்கூடங்களில் வளர்த்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். அதற்குக் குறைவில்லை. ஆனால் தயிருக்குப் பால் வேண்டும். பாலுக்கு ஆடு வேண்டும். ஆட்டை மேய்க்க ஆள் வேண்டும். குளிர்ந்த ஊற்று என்று பெயர் கொண்ட ஊரில் இன்று குறைவது அந்த ஆள்தான்.