உங்களுக்குத் தெரியுமா? வேலை நான்கு, முற்று ஒன்று!

■ திண்டுக்கல் பூட்டுப் பட்டறையைப் பற்றி ஒரு வாக்கியம்: "தகட்டை வெட்டி, லீவரைப் பொருத்தி, சாவியை அராவி, பூட்டைக் கடைக்கு அனுப்பினார்." வேலை நான்கு, வினைமுற்று 'அனுப்பினார்' மட்டுமே. மற்ற மூன்றும் வினையெச்சங்கள். நடுவில் ஒரு 'உம்' கூட இல்லை.

■ திராவிட மொழிகள் இணைப்புச் சொற்களைவிட எச்சங்களையே விரும்புகின்றன என்று கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் எழுதினார்.

■ ஆங்கிலத்தில் எச்சத் தொடர்களை அடுக்கினால் கடைசி இரண்டுக்கு நடுவே பெரும்பாலும் 'அண்ட்' வரும். ஒரே 'ஹேவிங்' இரண்டுக்கும் போதும்: "ஹேவிங் கட் த பிளேட் அண்ட் ஃபைல்ட் த கீ..."

■ 'ஹேவிங் கட்' என்றால் 'வெட்டிவிட்டு'. 'கட்டிங்' என்று தொடங்கினால் பெரும்பாலும் 'வெட்டிக்கொண்டே' என்ற பொருள் வந்துவிடும்.

■ "டர்னிங் த கீ, த லாக் ஓப்பன்ட்" என்று எழுதினால் வம்பு: பூட்டே சாவியைத் திருகிக்கொண்டதாக ஆகிவிடும்! எச்சத்தின் எழுவாயும் முற்றின் எழுவாயும் ஒன்றாக இருக்க வேண்டும்.

■ 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சத்துக்குத் தொல்காப்பியமும் இதே விதியைச் சொல்கிறது. ஆனாலும் "மழை பெய்து கண்மாய் நிறைந்தது" என்கிறோமே? பெய்தது மழை, நிறைந்தது கண்மாய். 'பெய்ததால்' என்ற பொருளில் தமிழ் இதற்கு இடம் தருகிறது.