எந்தச் சிலிண்டர் என்று முதலில் கேளுங்கள்

வண்டியும் வழியும் – 14

கீழவைப்பாரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய பெட்ரோல் கார் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மிஸ்ஸிங் அடிக்கிறது, வண்டியே குலுங்குகிறது. பத்து நிமிஷம் ஓடினால் சரியாகிவிடுகிறது. நாலு பிளக்கும் புதுசு, ஏர் ஃபில்டரும் புதுசு, த்ராட்டில் பாடியும் சுத்தம் செய்தாயிற்று. மறுநாள் விடிந்தால் அதே குலுக்கல். இப்போது இன்ஜெக்டர் செட்டை மாற்றச் சொல்கிறார்களாம். மாற்றலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். இத்தனை செலவுக்கும் நடுவில் ஒரு கேள்வியை யாருமே கேட்கவில்லை: நாலில் எரியாமல் போவது எந்தச் சிலிண்டர்?

ஐடிலிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் 400 முறை எரிய வேண்டும். நொடிக்கு ஆறேழு முறை. ஒரு முறை தவறினாலும் கிராங்க் ஷாஃப்ட் அந்த இடத்தில் லேசாக வேகம் குறையும். நமக்கு அது குலுக்கல். கிராங்க் சென்சார் அதே தளர்ச்சியை அளந்து, எந்தச் சிலிண்டரின் முறையில் நடந்தது என்பதைக் கம்ப்யூட்டரில் பதிய வைக்கிறது. இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் கார்களுக்கு இந்தக் கண்காணிப்பு கட்டாயம். ஸ்கேனரில் பி 0302 என்ற கோடு (code) வந்தால் இரண்டாவது சிலிண்டர், பி 0304 என்றால் நாலாவது. பி 0300 என்றால் ஒரே இடத்தில் நிற்காமல் மாறி மாறித் தவறுகிறது. முன்சக்கர ஓட்டமுள்ள கார்களில் கியர்பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் இருப்பதே பெரும்பாலும் முதல் சிலிண்டர்.

வாசகரின் சிக்கல் இன்னொன்று. கீழவைப்பாரிலிருந்து தூத்துக்குடி ஒர்க்‌ஷாப் போய்ச் சேருவதற்குள் எஞ்சின் சூடாகி நோய் மறைந்துவிடுகிறது. மெக்கானிக் கண்ணில் படுவது நல்ல வண்டிதான். அதற்கும் வழி உண்டு. கோடு விழுந்த நொடியில் கூலன்ட் என்ன வெப்பத்தில் இருந்தது, எஞ்சின் என்ன வேகத்தில் ஓடியது என்பதையும் கம்ப்யூட்டர் சேர்த்தே பதிகிறது. ஸ்கேனரில் அந்தப் பக்கத்தையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கோடை அழிப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

எரியாத சிலிண்டரைத் தேடும் முறை கடற்கரைக்காரர்களுக்குப் புதிதல்ல. படகுகளில் இருக்கும் பல சிலிண்டர் உள்ள பழைய வகை டீசல் எஞ்சினில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. பெட்ரோல் காரில் இன்ஜெக்டர் சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி இதையே செய்யலாம். ஆனால் காமன் ரெயில் டீசலில் அந்த நட்டைத் தொடவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் போகக்கூடும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலை எடுக்கும் நிலை வரலாம்.

சிலிண்டர் தெரிந்துவிட்டதா? இரண்டாவது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிளக் மேல் இருக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்றி நாலாவதில் போடுங்கள், நாலாவதை இங்கே போடுங்கள். கோடை அழித்துவிட்டு மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யுங்கள். பி 0304 வந்தால் குற்றவாளி காயில். இரண்டிலேயே நின்றால் பிளக்கை மாற்றிப் போடுங்கள், அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டரை. ஒரு பாகமும் வாங்காமல் செய்கிற சோதனை இது. இதைச் செய்யாமல் பாகம் விற்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பிளக்கை எஞ்சின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சூட்டில் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும்.

கீழவைப்பாரில் நிற்கும் வண்டி என்பதால் என் சந்தேகம் முதலில் உப்பின் மேல்தான் போகிறது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு, காயில் ரப்பர் மேலும் சாக்கெட் பின்களிலும் எர்த் ஒயர் போல்ட்டிலும் படிகிறது. பகலில் அது வெறும் தூசி. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும்; மழைக்காலத்தில் அடுக்களை உப்பு கசிவதும் இதனால்தான். கரைந்த உப்பில் மின்சாரம் ஓடும். பிளக் நுனியில் பாய வேண்டிய இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட் பக்கவாட்டில் ஹெட்டுக்கு இறங்கிவிடும். எஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் எல்லாம் சரி. விடியற்காலை மட்டும் ஏன் என்பதற்கு இது பொருந்துகிற விளக்கம். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் மெல்லிய கரிக்கோடு ஓடியிருந்தால் அதுவே சாட்சி. அப்படி இருந்தால் பிளக்கோடு காயில் ரப்பரையும் மாற்ற வேண்டும். ரப்பரை விட்டுவிட்டுப் பிளக்கை மட்டும் மாற்றினால் புதுப் பிளக்கிலும் கரிக்கோடு விழும். நண்பகலில் சோதிக்க, எஞ்சின் ஓடும்போது காயில்களின் மேல் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தூவிப் பார்க்கச் சொல்லுங்கள். கையை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளட்டும். சாக்கெட்டில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, ரப்பரின் உள்விளிம்பில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டலாம்.

உப்பு இல்லையென்றால் பெரிய செலவு இருக்கிறது. ஹெட் காஸ்கட் லேசாகக் கசிந்தாலும் இதே அடையாளம்தான்: இரவில் கூலன்ட் ஒரு சிலிண்டரில் சொட்டும், காலையில் அது எரியாது, சூடானதும் சரியாகும். கூலன்ட் டப்பாவின் அளவைத் தினமும் குறித்து வையுங்கள். அளவு இறங்கிக்கொண்டே வந்தால், சைலன்சரில் வெள்ளைப் புகை நீடித்தால், ஒரு பிளக் மட்டும் கழுவியதுபோல் சுத்தமாக இருந்தால், இனி காயிலைத் தேட வேண்டாம். கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது காஸ்கட். காஸ்கட் வேலையை அடுத்த வாரம் விரிவாகப் பார்க்கலாம்.

செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், ஓரமாக நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும், அதன் பீங்கான் கூடு உருகும். பிளாட்டினமும் பல்லேடியமும் பூசிய பாகம் அது. ஒரு காயிலின் விலையைப் பலமுறை கொடுத்தாலும் வராது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பில் எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், எந்தச் சிலிண்டர், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.