இங்கிலாந்தின் ஊர்சுற்றும் களியாட்டச் சந்தைகள்



இங்கிலாந்திற்குச் செல்வோர் இலண்டன் மாநகரின் அரண்மனைகளையும் அரும்பொருட் காட்சிச்சாலைகளையும் கண்டு மீள்வதே வழக்கம். அந்நாட்டுப் பொதுமக்கள் எவ்வாறு மகிழ்கின்றனர் என்பதை அறிய விரும்புவோர் காணவேண்டியது வேறொன்றுண்டு. ஆண்டுதோறும் குறித்த நாளிலே ஊர்த் திடலிற் கூடி, சில நாட்களிற் கலைந்து, அடுத்த ஊருக்குப் பெயர்ந்துவிடும் களியாட்டச் சந்தையே அது.

இச்சந்தைகள் களியாட்டத்திற்கெனத் தோன்றியவை அல்ல. இடைக்காலத்தில் மன்னர் வழங்கிய பட்டயத்தின் பேரிலே ஊர்கள் ஆண்டுச் சந்தை கூட்டின. வணிகர் வந்தனர், மக்கள் திரண்டனர், கூத்தாடிகள் அவர்களைப் பின்தொடர்ந்தனர். நொட்டிங்ஹாம் நகரின் சந்தையை முதலாம் எட்வேட் மன்னரின் 1284ஆம் ஆண்டுப் பட்டயம் குறிப்பிடுகின்றது. அயற் பகுதிகளிலிருந்து வாத்துகளை நடத்தியே கொணர்ந்து விற்றமையால் அது வாத்துச் சந்தை எனப் பெயர் பெற்றது. இன்று வாத்துமில்லை, விற்பனையுமில்லை; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. புகைவண்டியும் நிரந்தரக் கடைகளும் வந்தபின் வணிகம் சந்தையைவிட்டு நீங்கிற்று. விளையாட்டு எஞ்சி நின்றது.

அவ்விளையாட்டைப் பெருக்கியது நீராவி. கிங்ஸ் லின் என்னும் ஊரில் வேளாண்மைப் பொறிகள் செய்துவந்த பிரெடரிக் சாவேஜ் என்பார், 1860களில் நீராவியால் இயங்கும் இராட்டினங்களைச் செய்யத் தொடங்கினார். நடுவிலே நிற்கும் இயந்திரம் மேடையைச் சுழற்றும். மேலேயுள்ள வளைந்த தண்டுகள் மரக்குதிரைகளை உயர்த்தியும் தாழ்த்தியும் பாயச் செய்யும். ஆங்கில இராட்டினக் குதிரைகள் கடிகார முள்ளின் திசையிலேயே ஓடுகின்றன. குதிரையில் இடப்புறமாக ஏறுவதே முறை என்பதால் இவ்வமைப்பு ஏற்பட்டதென்பர். ஐரோப்பாவின் ஏனைய பகுதிகளிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையிற் சுழல்வதைக் காணலாம்.

ஆயினும் இச்சந்தைகளைத் தொல்லையெனக் கருதியோரும் பலர். இலண்டனில் 1133இல் தொடங்கிய புனித பார்த்தலோமியு சந்தை 1855இல் ஒழிக்கப்பட்டது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஏனைய சந்தைகளை ஒழிப்பதற்கும் வழிவகுத்தது. அதன்பின், செங்கற் சூளைகளில் வதைபட்ட சிறுவருக்காக முன்னர்ப் பாடுபட்ட ஜோர்ஜ் சிமித் என்பார், வண்டிகளில் வாழ்வோரைப் பதிவு செய்து, அவர்தம் இல்லங்களைச் சோதனையிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சட்டமொன்று வேண்டுமென வாதாடினார். தம் வீட்டினுள் அதிகாரிகள் நுழைவதைக் காட்சித் தொழிலாளர் பொறுக்கவில்லை. 1889இல் அவர்கள் சங்கம் அமைத்து எதிர்த்தனர்; மசோதா நிறைவேறவில்லை. 1917இல் காட்சித் தொழிலாளர் சங்கம் எனப் பெயர் மாறிய அவ்வமைப்பு இன்றும் இயங்குகின்றது.

இவ்வழக்கில் நியாயம் எவர் பக்கம்? பிள்ளைகள் கல்வியின்றி வளரலாகாது என்று சிமித் கருதியது சரியே. ஆனால், ஒரு கூட்டத்தாரின் வாழ்வைச் சீர்திருத்தப் புகுவோர் முதலில் அவர்கள் சொல்வதைச் செவிமடுத்தல் வேண்டும். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இவ்விரண்டையும் ஒருவாறு இணைத்தது. தொழிலின் பொருட்டு ஊர் ஊராய்ச் செல்வோரின் பிள்ளைகள், ஆறு வயதைக் கடந்தவராயின், ஆண்டில் 200 வேளைகளேனும் பள்ளிக்கு வந்திருத்தல் வேண்டும் என்றது அது. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை எனக் கணக்கிட்டால் அது ஏறக்குறையப் பள்ளியாண்டின் பாதி. குளிர்காலத்தில் குடும்பங்கள் ஓரிடத்தில் தங்குவதால் அது இயலக்கூடியதாயிற்று.

காணச் செல்வோர் காலமறிந்து செல்லல் வேண்டும். கிங்ஸ் லின் சந்தை பெப்ரவரி 14இல் தொடங்குவது மரபு. ஒக்ஸ்போர்ட் நகரின் புனித ஜைல்ஸ் சந்தை செப்டெம்பரிலும், ஹல், நொட்டிங்ஹாம் சந்தைகள் இலையுதிர் காலத்திலும் கூடுகின்றன. நிலையான பூங்காவை நாடுவோர் பிளக்பூல் கடற்கரைக்குச் செல்லலாம். 1904இல் அங்கே அமைக்கப்பட்ட பறக்கும் பொறி இன்றும் மக்களைச் சுமந்து சுழல்கின்றது.

மின்விளக்குகளின் ஒளியிலே மயங்கி நிற்கும்போது, அவற்றின் பின்னே வரிசையாக நிற்கும் வீட்டு வண்டிகளையும் ஒருகணம் நோக்குங்கள். நமக்கு ஒருநாட் களிப்பாக இருப்பது, அங்கே வாழ்வோர்க்குத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த தொழிலாகும்.