அடையாற்றங்கரை மனிதர்கள் – 7: கர்னல் ஆல்காட்

ஹென்றி ஸ்டீல் ஆல்காட் (1832–1907) அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர். நியூயார்க்கில் காப்பீட்டு வழக்குகளை நடத்திய வழக்கறிஞர். பிரம்மஞான சபையின் முதல் தலைவர். 1882 டிசம்பரிலிருந்து இறக்கும்வரை அடையாறே அவருடைய இருப்பிடம். ஆன்மிகவாதியாகவே பெரும்பாலும் பேசப்படும் அவரிடம் கணக்கிலும் நிர்வாகத்திலும் கைதேர்ந்த இன்னொரு மனிதரும் இருந்தார். அந்த மனிதரை உருவாக்கியது போர்க்களம்.

நியூஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு நகரில் 1832 ஆகஸ்ட் 2 அன்று பிறந்தார். தந்தையின் வணிகம் நொடித்துப்போனதால் 1851இல் கல்லூரிப் படிப்பு நின்றது. ஒகாயோ மாநிலத்துக்குச் சென்று பண்ணையில் வேலை செய்தார். அங்கே கற்ற விவசாயம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. சர்க்கரை எடுக்கப் பயன்படும் இனிப்புச் சோளத்தைப் பற்றி 1857இல் அவர் எழுதிய நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. பிறகு நியூயார்க் டிரிபியூன் நாளிதழின் விவசாயப் பகுதிக்கு ஆசிரியரானார்.

1861இல் போர் மூண்டபோது வடமாநிலங்களின் படையில் சேர்ந்தார். வட கரோலினாப் படையெடுப்பில் சமிக்ஞைப் பிரிவில் இருந்தபோது வயிற்றுக்கடுப்பு கண்டு திரும்ப நேர்ந்தது. குணமானதும் போர்த்துறை அவரிடம் வேறு வேலையை ஒப்படைத்தது. படைக்கு உணவும் உடையும் தங்குமிடமும் தந்த ஒப்பந்தக்காரர்கள் பலர் பொய்ப் பட்டியல் கொடுத்து அரசுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கும் சிறப்பு ஆணையராக ஆல்காட் அமர்த்தப்பட்டார். ரசீதுகளையும் பேரேடுகளையும் வரிவரியாகச் சரிபார்த்து, சாட்சிகளைத் தேடிப் பிடித்து, செல்வாக்குள்ள ஆட்களையும் நீதிமன்றத்தில் நிறுத்தினார். அவருடைய விசாரணையால் கோன்ஸ்டாம் என்ற நியூயார்க் ஒப்பந்தக்காரர் சிறை சென்றது அந்நாளில் பெரிதாகப் பேசப்பட்டது. கர்னல் என்ற பட்டம் இந்தப் பணியின் வழியே வந்தது. கடற்படைத் துறையும் அவரைப் பயன்படுத்திக்கொண்டது. 1865இல் லிங்கன் கொலையை ஆராய்ந்த மூவர் குழுவிலும் அவர் இடம்பெற்றார்.

போர் முடிந்ததும் சட்டம் படித்து 1868இல் வழக்கறிஞரானார். காப்பீடு, வரி, மோசடி ஆகியவையே அவருடைய துறைகள். வருமானம் நன்றாக இருந்தது. 1874இல் வெர்மான்ட் மாநிலப் பண்ணை வீடொன்றில் ஆவிகள் தோன்றுவதாகச் சொல்லப்பட்டதை நேரில் பார்த்து எழுதச் சென்றபோது ரஷ்யப் பெண்மணி பிளாவட்ஸ்கியைச் சந்தித்தார். மறு ஆண்டு நவம்பர் 17 அன்று நியூயார்க்கில் அவர்கள் பிரம்மஞான சபையைத் தொடங்கினார்கள். 1878 டிசம்பரில் இருவரும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

முதலில் பம்பாயில் தங்கினார்கள். சென்னையில் அடையாற்றின் தென்கரையில் 27 ஏக்கர் பரப்புள்ள ஹடில்ஸ்டன் தோட்டம் விலைக்கு வரவே, 1882 டிசம்பரில் சபையின் தலைமையகம் அங்கே வந்து சேர்ந்தது. 1886 டிசம்பரில் அடையாறு நூலகம் திறக்கப்பட்டது. ஆல்காட்டின் சொந்தப் புத்தகங்களே அதன் தொடக்கம். இன்று அதில் சுமார் இருபதாயிரம் ஓலைச்சுவடிகள் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாநாட்டில் வரவு செலவுக் கணக்கை உறுப்பினர்கள் முன் வைத்து அச்சிடும் வழக்கமும் இருந்தது. பிறருடைய பொய்க்கணக்கை உடைத்தவர், தம் சபையின் கணக்கையும் திறந்தே வைத்தார்.

இந்த ஒழுங்கை அவர் இலங்கைக்கும் எடுத்துச் சென்றார். 1880 மே மாதம் காலியில் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். தாமே வடிவமைத்த மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று பள்ளிகளுக்கு நிதி திரட்டினார். திரண்ட பணத்தை அறங்காவலர்களின் பொறுப்பில் வைத்தார். 1886இல் கொழும்பில் தோன்றிய பள்ளியே பின்னாளில் ஆனந்தா கல்லூரி ஆனது. 1885இல் உருவான பௌத்தக் கொடியைப் பிற கொடிகளின் அளவுக்கு மாற்றியமைத்ததும் அவருடைய யோசனை.

சென்னையில் அவர் செய்த மிகப் பெரிய காரியம், பஞ்சமர் எனப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களுக்கான பள்ளிகள். தலைமையகத்தைச் சுற்றியிருந்த சேரிகளின் குழந்தைகளுக்கு எழுத்தறிவு எட்டாத காலம் அது. சாதி இந்துக்கள் படித்த பள்ளிகளில் அவர்களைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1894இல் ஊரூருக்கு அருகே முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று அடுத்தடுத்துப் பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. தமிழ், கணக்கு, ஓரளவு ஆங்கிலம் ஆகியவற்றோடு சமையலும் தையலும் கற்பிக்கப்பட்டன. குறைந்த காலத்தில் பிழைப்புக்கு உதவும் படிப்பைத் தருவதே நோக்கம். எந்த மதத்தையும் பிள்ளைகள்மீது திணிக்கக் கூடாது என்பதில் ஆல்காட் உறுதியாக இருந்தார். அவர் இறக்கும்போது ஐந்து பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன.

1898இல் அயோத்திதாச பண்டிதர் அடையாறு வந்து அவரைச் சந்தித்தார். ஒடுக்கப்பட்ட தமிழர்களின் பூர்விக மதம் பௌத்தமே என்பது பண்டிதரின் நிலைப்பாடு. ஆல்காட்டின் உதவியோடு பண்டிதர் கொழும்பு சென்று பௌத்தத் துறவி சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். அதே ஆண்டு இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் அமைந்தது. தமிழ்நாட்டில் நவீன பௌத்தத்தின் வரலாறு இங்கிருந்தே தொடங்குகிறது.

1906இல் அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் கப்பலில் விழுந்து அடிபட்டார். உடல் தேறவில்லை. 1907 பிப்ரவரி 17 அன்று அடையாற்றில் காலமானார். சபை வளாகத்திலேயே எரியூட்டப்பட்டார். அன்னி பெசன்ட் அடுத்த தலைவரானார். உலகெங்கும் உள்ள பிரம்மஞான சபையினர் அந்த நாளை அடையாறு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தின் முன்னால் அவருடைய சிலை நிற்கிறது. சென்னையில் பெசன்ட் நகரின் ஆல்காட் நினைவு மேல்நிலைப்பள்ளியும், மீனவர்கள் வாழும் ஊரூர் ஆல்காட் குப்பமும் அவர் பெயரைத் தாங்கியிருக்கின்றன. அவருடைய சமயக் கருத்துகளை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் உண்டு. ஆனால் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று அவர் தொடங்கிய பள்ளி ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் நடக்கிறது. நல்லெண்ணத்தோடு நேர்மையான நிர்வாகமும் சேர்ந்தால்தான் ஒரு தொண்டு இவ்வளவு காலம் நிற்கும். ஆல்காட்டிடம் இரண்டும் இருந்தன.

(தொடரும்)