மலையேறும் முன் காரைச் சற்றுக் கவனிப்போம்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். அப்பால் திருமலைக்கு மலைப்பாதை. நம் வாடிக்கையாளர் பலருடைய புதிய காரின் முதற்பயணம் இதுவே. அலிபிரிச் சோதனைச் சாவடியில் டிக்கியிலுள்ள பைகளை இறக்கிக் காட்டியாக வேண்டும். பின்னால் வண்டிகள் வரிசையில் நிற்க, டிக்கி திறக்க மறுத்தால் ஏற்படும் சங்கடத்தை விவரிக்க வேண்டுவதில்லை. இத்தகைய பழுதுகளுக்குக் காப்பீடு கிடைக்குமா என்று வாகனக் கடன் பிரிவில் நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. வழக்கமான முழுமைக் காப்பீடு தேய்மானத்தையும் மின், இயந்திரக் கோளாறுகளையும் ஏற்பதில்லை. செலவு நம் கைக்காசுதான். ஆகவே, நாமே செய்யக்கூடியவற்றை இங்குக் காண்போம்.

முதலில் பேட்டரி. திருப்பதிக்காரர்களுக்கு இது உள்ளூர்ச் சரக்கு. 1985இல் தொடங்கப்பட்ட அமரராஜா நிறுவனத்தின் பேட்டரி ஆலை அருகிலுள்ள கரகம்பாடியில் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் பேட்டரியானாலும் நம் பகுதி வெயில் அதன் ஆயுளைக் குறைக்கவே செய்யும். சாவியைத் திருப்பும்போது 'டிக், டிக்' ஓசை மட்டும் எழுந்து விளக்குகள் மங்கினால், உடனே புதிய பேட்டரிக்குப் பணம் கட்டிவிட வேண்டாம். முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். வரிசை மாறினால் ஸ்பானர் காரின் உடலில் உரசித் தீப்பொறி பறக்கும். சமையல் சோடா கரைத்த வெந்நீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும்; கையுறை அவசியம். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு: ஓய்விலுள்ள முழு பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். எஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட் அளவிற்கு உயராவிடில் கோளாறு ஆல்டர்னேட்டரில் இருக்கக்கூடும். அதை மெக்கானிக்கிடம் விடுவதே முறை.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின் தானியங்கிக் கண்ணாடி ஒரே தொடுதலில் ஏறாமற்போவதுண்டு. பல கார்களில், கண்ணாடி மேலே முட்டிய பிறகும் சுவிட்சைச் சில வினாடிகள் பிடித்திருந்தால் சரியாகிவிடும். பின்கண்ணாடிகள் மட்டும் அசையவில்லையா? ஓட்டுநர் கதவிலுள்ள பூட்டுப் பொத்தானைப் பாருங்கள். பெரும்பாலும் பிள்ளைகளின் கைவேலை! கண்ணாடி முனகிக்கொண்டு மெதுவாக ஏறினால், ரப்பர்த் தடத்தைத் துடைத்துச் சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். எஞ்சின் ஆயில் வேண்டாம். அது ரப்பரைக் கெடுக்கும்.

எந்தக் கண்ணாடியும் அசையாவிடில் ஃபியூஸைச் சோதியுங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. அதே அளவையே மாட்ட வேண்டும். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைப்பவர்களைக் கண்டிருக்கிறோம்; அங்கே ஃபியூஸ் காக்கப்படும், வயர் எரியும்.

பின்கதவு உள்ளிருந்து திறக்கவில்லையெனில், கதவின் ஓரத்திலுள்ள குழந்தைப் பூட்டு நெம்புகோலை முதலில் பாருங்கள். டிக்கி, பானெட் தாழ்களில் படிந்த புழுதியைத் துடைத்துச் சிறிது வெள்ளை லித்தியம் கிரீஸ் இடலாம். பானெட்டின் இரண்டாம் கொக்கி பிடிக்காவிட்டால் காரை எடுக்கவே கூடாது. வேகத்தில் அது எழும்பி முன்கண்ணாடியை மறைத்துவிடும். மஞ்சள் நிற உறையிட்ட வயர்கள் காற்றுப்பையினுடையவை. அவற்றைத் தொட வேண்டாம்.

ரிமோட்டில் உள்ள நாணய பேட்டரி தீர்ந்தாலும், அதற்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறக்கலாம். அது எங்கே இருக்கிறதென்று புறப்படும் முன் வீட்டிலேயே ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.